காட்டுப்பன்றிக்கு எந்த ரைஃபிள்: துவாரத்தின் அளவா, குண்டின் அமைப்பா?

சாப்டூர் சம்சாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பேரையூர் வட்டத்தில், சாப்டூர் மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில், எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றினால், கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுவடை முடியும் வரை நான் இரவில் வீட்டில் படுப்பதில்லை. பன்றிக் கூட்டம் ஒருமுறை இறங்கிவிட்டால் தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். விடிந்து போய்ப் பார்த்தால் தட்டைகள் பாய் விரித்தாற்போல் கிடக்கும்.

காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றும், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வருபவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும் என்றும், ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது என்றும் 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அன்றிலிருந்து எங்கள் ஊர்ச் சாவடியில் இதே பேச்சாக இருக்கிறது. அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதற்கு ஒரு மனு எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். அதில் "பெரிய துவாரமுள்ள துப்பாக்கியைக் கொண்டு சுட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். குழல் எவ்வளவு அகலமோ அடியும் அவ்வளவு பெரிது என்பது பெரியவர்களின் முடிவு. அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குக் காரணம் நான் கண்ணால் கண்ட ஒன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில், எங்கள் கண்மாய்க்குள் சீமைக்கருவேலப் புதரை நோக்கி நாய்கள் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தபோது ஓர் ஆண் பன்றி வலது முன்னங்காலை ஊன்ற முடியாமல் சேற்றில் சாய்ந்து கிடந்தது. தோள்பட்டையில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு புண். அதில் புழு வைத்திருந்தது. அது எத்தனை நாள் அப்படிக் கிடந்ததோ தெரியாது. எங்களைக் கண்டு எழ முயன்றது, முடியாமல் மறுபடியும் சரிந்தது. வனத்துறைக்குச் சொல்லி அனுப்பிய சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். தோள்பட்டையின் தடித்த கொழுப்புக்கும் சவ்வுக்கும் நடுவிலிருந்து அவர் கத்தி முனையால் நெம்பி எடுத்தது, புளியங்கொட்டைபோல் தட்டையாகிப்போன ஓர் ஈயக் குண்டு. நெஞ்சுக்கூட்டை எட்ட இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி இருந்தது. நிறுத்துப் பார்த்தபோது 10 கிராமுக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. நாட்டுத் துப்பாக்கிக் குண்டு என்றார்கள். சுட்டவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

என் தாத்தாவிடம் .315 ரைஃபிள் இருந்தது. உரிமம் பெற்று வேட்டையாடச் சட்டம் இடம் கொடுத்த காலத்தில், 1972க்கு முன்பே, அவர் அதைக் கொண்டுதான் பன்றி சுட்டார். தோள்பட்டையில் ஒன்று வாங்கினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும் என்று சொல்வார். அந்த ரைஃபிளின் துவாரம் 8 மில்லிமீட்டர்தான். நான் பார்த்த ஈயக் குண்டு தட்டையாவதற்கு முன்பும் அதைவிடப் பருமனாகத்தான் இருந்திருக்க வேண்டும். பருமனான குண்டு தோலோடு நின்றுவிட்டது, ஒல்லியான குண்டு பன்றியை உட்கார வைத்தது என்றால் காரணம் என்ன? .315, 30-06, .308, .375 ரைஃபிள்கள், 12 போர் ரவைத் துப்பாக்கி ஆகியவற்றுள் எது எதற்குப் பொருத்தம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் சுடப்போவதில்லை. தனியார் சுடுவது குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சுடப்படும் பன்றி இன்னொரு முறை அந்தப் புதரில் அப்படிக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை, எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகளாகக் காகித இலக்கைச் சுட்டுப் பழகியவன் என்ற முறையிலும், விசையும் வேகமும் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், துப்பாக்கியின் பெயரில் இருக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். .303 ரைஃபிளின் குண்டை அளந்தால் .311 அங்குலம் வரும். .270இன் குண்டு உண்மையில் .277 அங்குலம். 30-06 என்பதில் வரும் 06, அத்தோட்டா அமெரிக்கப் படையில் ஏற்கப்பட்ட 1906ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1952இல் வந்த .308 வின்செஸ்டரும் இந்த 30-06உம் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் செலுத்துகின்றன. பித்தளைக் கூட்டின் நீளமும் அதற்குள் இருக்கும் வெடிமருந்தின் அளவும்தான் வேறு. 12 போர் என்பது அளவே அல்ல, ஓர் எண்ணிக்கை: குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அதனால்தான் 12 போரைவிட 16 போர் சிறியதாக இருக்கிறது. பெரிய எண் என்றால் பெரிய அடி என்று சாவடியில் சொல்பவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னாலே போதும்.

குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். நமக்குப் பவுன் கணக்கு எளிது. ஒரு பவுன், அதாவது 8 கிராம், ஏறத்தாழ 123 கிரெயின். 30-06இல் பரவலாகப் பயன்படும் 150 கிரெயின் குண்டு 9.7 கிராம், அதாவது ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தாத்தாவின் .315 ரைஃபிளுக்குரிய 244 கிரெயின் குண்டு 15.8 கிராம், அதாவது இரண்டு பவுனுக்கு ஒன்றிரண்டு குன்றிமணி குறைவு. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 300 கிரெயின் குண்டு 19.4 கிராம்.

இப்போது நீங்கள் பார்த்த குண்டுக்கு வருகிறேன். பத்துக் கிராமுக்குச் சற்று மேல் என்றால், ஈயத்தின் அடர்த்தியை வைத்துப் பார்க்கையில், தட்டையாவதற்கு முன் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. எடையில் அது 30-06இன் 150 கிரெயின் குண்டுக்குச் சமம். ஆனால் அது முகம் காட்டும் பரப்பு 30-06 குண்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே எடையை மழுங்கிய கடப்பாரையின் முனையில் வைப்பதற்கும் ஊசியின் முனையில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அதற்கும் மேல் வேகம் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கிக் குண்டு பன்றியைத் தொடும்போது நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் இருந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதன் ஆற்றல் 500 ஜூல்கூட இராது. 30-06இன் 150 கிரெயின் குண்டு குழல்வாயை விட்டு நொடிக்கு 880 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் சுமார் 3800 ஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பத்தாம் வகுப்புப் பாடம்தான் இங்கே வேலை செய்கிறது.

அதே கணக்கில் .308 சுமார் 3600 ஜூல், .375 சுமார் 5700 ஜூல். .315 என்பது 8 மில்லிமீட்டர் மான்லிகர் என்ற பழைய ஆஸ்திரியப் படைத் தோட்டாவின் வழி வந்தது. அந்தத் தோட்டாவின் குண்டு நொடிக்கு 620 மீட்டர் வேகத்தில் போகும். ஆற்றல் சுமார் 3000 ஜூல். படையினரின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளையர் அரசு தடுத்திருந்ததால், அது பொருந்தாத ஒரு துவாரத்தில் வேட்டை ரைஃபிள் தேவைப்பட்டது. அப்படித்தான் .315 இந்தியாவில் நிலைத்தது. பிற்பாடு இஷாப்பூர் தொழிற்சாலையிலேயே செய்தார்கள். .303 இன்றும் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட துவாரம்தான்.

ஆனால் இந்த ஆற்றல் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். குண்டு உடலுக்குள் போய் என்ன ஆகிறது என்பதே மறுபாதி. படையினரின் குண்டு முழுவதும் செம்பு கலந்த உறையால் மூடப்பட்டிருக்கும். அது உருக்குலையாமல் நேராக ஊடுருவிப் போய்விடும். வேட்டைக் குண்டின் மூக்கில் உறை இருக்காது, ஈயம் வெளியே தெரியும்; இதை மென்முனைக் குண்டு என்பார்கள். உடலில் பட்டதும் அந்த மூக்கு காளான்போல் விரிந்து, ஏறக்குறைய இரு மடங்கு விட்டமாகி, வழியெல்லாம் கிழித்துக்கொண்டு போகும். இதைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்த இடங்களில் ஒன்று கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலை. 1890களின் பிற்பகுதியில் அங்கே செய்யப்பட்ட குண்டுகளின் கொடுமையைக் கண்டுதான் 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. போரில் விலக்கிய அதே குண்டுதான் வேட்டையில் இரக்கமுள்ள குண்டு, ஏனென்றால் அது விலங்கை நாள்கணக்கில் துடிக்க விடுவதில்லை. இந்த முரண் என்னை எப்போதும் சிந்திக்க வைக்கும்.

ஒரே குறையென்றால், விரிவதற்கும் ஊடுருவுவதற்கும் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. அதிகம் விரிந்தால் ஆழம் போகாது. விரியாவிட்டால் ஓட்டை சிறிது. அந்த இழுபறியை நேரில் கண்டவர்கள் இங்கே இருந்தால் எழுதட்டும். நான் காகிதத்தைத்தான் சுட்டிருக்கிறேன்.


மேலூர்க்காரன், நியூசிலாந்து, எழுதியது:

ஐயா சொன்ன இழுபறியை நான் நேரில் கண்டிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக வடக்குத் தீவில் இருக்கிறேன். இந்த நாட்டில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. மான், பன்றி, ஆடு எல்லாமே வெளியிலிருந்து வந்தவை; பன்றியைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக்கின் பெயரால் அழைக்கிறார்கள். அவை காட்டை அழிப்பதால், துப்பாக்கி உரிமமும் வனப்பகுதிக்கான அனுமதியும் பெற்றவர்கள் வேட்டையாடலாம். என்னிடம் இருப்பது .308.

முதல் ஆண்டில் நான் வாங்கியது 150 கிரெயின் குண்டு, மெல்லிய உறை. மானுக்கென்று விற்கப்படுவது. மானுக்கு அது குறை வைக்கவில்லை. ஒரு மாலையில் பெரணி மண்டிய ஓடைக்கு அக்கரையில், முப்பது அடி தூரம்கூட இராது, ஒரு கடுவன் பன்றி பக்கவாட்டில் நின்றது. தோள்பட்டையைக் குறிவைத்துச் சுட்டேன். குறி தப்பவில்லை. பன்றி கத்திக்கொண்டு ஓடியது. மறுநாள் விடியலில் பக்கத்துப் பண்ணைக்காரரின் நாய்களைக் கொண்டு தேடிப் பிடித்தோம். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. இரண்டாவது குண்டால் முடித்துவிட்டுத் தோலை உரித்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். மேலே சாப்பாட்டுத் தட்டைப்போல் அகலமான காயம், ஆனால் ஆழம் மூன்று விரற்கடை. சதையெங்கும் மிளகுத் தூள் தூவியதுபோல் ஈயத் துகள். குண்டின் செம்பு உறை உரித்த பூண்டுத் தோலைப்போல் சுருண்டு தோள் எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்கூடு தொடப்படவே இல்லை. சம்சாரி அண்ணன் சொன்ன நாட்டுக் குண்டின் ஆற்றலைவிட ஏழு மடங்கு ஆற்றல் இருந்தும் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது. நாட்டுக் குண்டு வேகம் போதாமல் நின்றது. என் குண்டு வேகம் மிகுந்ததால் சிதறியது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்றியைப் பட்டினி போட்டு அடித்துக் கொன்றதுபோல் ஒரு குற்ற உணர்வு.

இதே ஏமாற்றம்தான் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கருக்கு 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏற்பட்டது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு அப்பிய ஒரு பெரிய மூஸ் மானை அவர் வேகமான ரைஃபிளால் சுட்டபோது குண்டு உள்ளே போகாமல் மேலேயே உடைந்தது. ஊருக்குத் திரும்பியவர், நடுவில் செம்புத் தடுப்புச் சுவரும் அதன் இரு பக்கமும் ஈயமுமாக ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி விரிந்து அழிந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போகும். 1948 முதல் அது விற்பனைக்கு வந்து இன்றுவரை கடைகளில் கிடைக்கிறது. பிற்காலத்தில் ஈயத்தை உறையோடு பிரியாமல் ஒட்டவைத்த குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுகளும் வந்தன.

நான் இப்போது பயன்படுத்துவது முழுச் செம்பு. பன்றியின் மறுபக்கத் தோலுக்கடியில் ஒருமுறை அது நின்றிருந்தது. நான்கு இதழ் விரிந்த பூவைப்போல் இருந்தது, எடை ஏறக்குறைய குறையவே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. செம்பு ஈயத்தைவிடக் கெட்டி என்பதால் விரிவதற்கு வேகம் வேண்டும். முந்நூறு மீட்டருக்கு அப்பால் வேகம் தணிந்தபின் பட்டால் பென்சில் நுழைந்தாற்போல் ஒரு துளையோடு போய்விடலாம். என் நண்பர் சுட்ட மானில் அதைப் பார்த்தேன். ஆகவே குண்டைத் தேர்ந்தெடுக்கும் முன், அது விலங்கைத் தொடும் நேரத்தில் என்ன வேகத்தில் இருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழல்வாயில் அளந்த வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது.

உங்கள் தாத்தா சொன்னதில் எனக்கு வியப்பில்லை. .315இன் குண்டு கனமானது, நீளமானது, மெதுவானது. நொடிக்கு 600 மீட்டரை ஒட்டிய வேகத்தில் மென்முனைக் குண்டு நிதானமாக விரியுமே தவிர வெடித்துச் சிதறாது. இருபது, முப்பது மீட்டர் தூரத்தில் அது என் .308இல் நான் முதலில் போட்ட குண்டைவிட நம்பகமானது என்று துணிந்து சொல்வேன். ஸ்வீடனில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக 6.5 மில்லிமீட்டர் குண்டைக் கொண்டு மூஸ் மானையே வேட்டையாடுகிறார்கள். அதுவும் ஒல்லியான, நீளமான, தன் பருமனுக்கு மிகக் கனமான குண்டுதான்.


கால்நடை மருத்துவர், உசிலம்பட்டி, எழுதியது:

துப்பாக்கியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பன்றியின் உடலைப் பற்றிச் சொல்கிறேன். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளிலிருந்து விலா வரை தோலுக்கடியில் கெட்டியான நார்ச்சவ்வு ஒரு கேடயம்போல் படர்ந்திருக்கும். மற்ற ஆண்களின் கோரைப்பல் குத்தாமல் காப்பதற்காக இயற்கை கொடுத்தது அது. வயது ஏற ஏறத் தடிக்கும். அதன்மேல் மயிரும் காய்ந்த சேறும் வேறு. பெண் பன்றிக்கும் குட்டிக்கும் இவ்வளவு தடிப்பு இல்லை. எனவே கூட்டத்தில் ஒன்றைச் சாய்த்த குண்டு கடுவனையும் சாய்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது நெஞ்சு இருக்கும் இடம். பன்றியின் முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் உடல் உண்மையைவிட உயரமாகத் தோன்றும். பார்ப்பவர் அந்தத் தோற்றத்தின் நடுவைக் குறிவைத்தால் குண்டு இதயத்துக்கு மிக மேலே போய்விடும். இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே, உடல் உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. நுரையீரல் அதற்குச் சற்றுப் பின்னும் மேலும் பரவியிருக்கிறது. இதயம் கிழிந்த பிறகும் மூளையில் மிஞ்சிய உயிர்வளி பத்துப் பதினைந்து நொடிகள் விலங்கை ஓடவைக்கும். அது குண்டின் குறையல்ல, உடலின் இயல்பு. தோள் எலும்பு இரண்டும் முறிந்தால்தான் நின்ற இடத்தில் உட்காரும். சம்சாரியின் தாத்தா சொன்னது அதைத்தான். அதற்கு எலும்பை உடைத்த பிறகும் உருக்குலையாத கனமான குண்டு வேண்டும். வயிற்றில் பட்டால் எந்தத் துவாரமானாலும் நாள்கணக்கில் துடித்துத்தான் சாகும்.

மேலூர்க்காரர் மிளகுத் தூள் என்று சொன்ன ஈயத் துகளையும் மறந்துவிட வேண்டாம். சுட்ட பன்றியை வெளியே போட்டால் நாயும் நரியும் கழுகும் அந்த ஈயத்தைச் சேர்த்துத் தின்னும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காண்டர் கழுகுகள் இப்படி நஞ்சேறிச் செத்ததால், 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டே கூடாது என்றாக்கினார்கள். இங்கே ஈயக் குண்டால் சுடுவார்களானால் உடலை ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்பதை மனுவில் கட்டாயம் சேருங்கள்.


சாப்டூர் சம்சாரி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் புதரில் நான் கண்டது ஏன் நடந்தது என்பது இப்போது புரிகிறது. இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் நிலம் சமதரை; .315 போதும் என்றால் அது எவ்வளவு தூரம் வரை போதும்? ஊரில் பலர் 12 போரில் எல்.ஜி. ரவை (ஒரே தோட்டாவில் பல ஈய உருண்டைகள்) போட்டால் குறி தப்பாது என்கிறார்களே, அது சரியா? தாத்தாவின் ரைஃபிள் அப்பா பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவோம். அதோடு ஒரு தகரப் பெட்டியில் பதினேழு தோட்டாக்களும் இருக்கின்றன. பித்தளையில் பச்சை பூத்திருக்கிறது, மூக்கில் ஈயம் வெளுத்திருக்கிறது. அவற்றை என்ன செய்வது?


ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை, எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பச்சை பூத்த தோட்டாவை எக்காரணம் கொண்டும் சுடவும் வேண்டாம், உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். பழைய மருந்து கெட்டுப்போயிருந்தால் விசை இழுத்துச் சில நொடிகள் கழித்து வெடிக்கலாம். அதற்குள் சுட்டவர் போல்ட்டை (தோட்டா அறையின் மூடியை)த் திறந்துவிட்டால் முகத்தில் வெடிக்கும். தகரப் பெட்டி நம் சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் எத்தனை ஆண்டுகள் காய்ந்ததோ! வெப்பம் மருந்தைச் சீரழிக்கும். நல்ல தோட்டாவானாலும் வெயிலில் சூடேறினால் வழக்கத்தைவிட அழுத்தம் கூடும். உரிமப் புத்தகத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள்.

தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நூறு மீட்டரில் குறி சரியாக வைத்த .315, இருநூறு மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரைச் சாண் கீழே விழும். 180 கிரெயின் குண்டு போட்ட 30-06 அதே தூரத்தில் ஐந்து விரற்கடைதான் விழும். ஒன்றரைச் சாண் விழுந்தால் நெஞ்சுக்குப் போக வேண்டியது காலில் படும். ஆகவே நூறு மீட்டருக்குள் .315க்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கப்பால் 30-06 அல்லது .308 வேண்டும். ஆனால் இரவில், விளக்கு வெளிச்சத்தில், ஆளுயரச் சோளத்துக்கு நடுவே, எவரும் நூறு மீட்டருக்கு மேல் சுடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. .375 எருமையையும் சிங்கத்தையும் எதிர்கொள்பவர்களுக்காக 1912இல் செய்யப்பட்டது. பன்றிக்கு அது மிகை. அதன் உதைக்கு அஞ்சிச் சுடுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடினால், 5700 ஜூல் இருந்தும் மருத்துவர் சொன்ன வயிற்றில்தான் படும். பலமுறை சுட்டுப் பழகிய கையில் இருக்கும் .315, பழகாத கையில் இருக்கும் .375ஐவிட மேலானது.

எல்.ஜி. ரவை ஒவ்வொன்றும் நான்கரை கிராம் எடையுள்ள ஈய உருண்டைதான். உங்கள் கண்மாய்ப் பன்றியின் தோளில் நின்றுபோன குண்டில் பாதி எடைகூட இல்லை. இருபது மீட்டருக்குள் பல ரவைகள் சேர்ந்து பட்டால் வேலை செய்யும். நாற்பது மீட்டரில் விரிந்து பரவி, ஒன்று காதில், ஒன்று தொடையில், ஒன்று வயிற்றில் என்று படும். குறி தப்பாது என்பது உண்மைதான். ஆனால் உயிர்நிலை தப்பிவிடும். நாம் தவிர்க்க நினைப்பது அதைத்தான். 12 போரில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டால் கதை வேறு. 28 கிராம், நொடிக்கு 450 மீட்டரை ஒட்டிய வேகம்; ஐம்பது மீட்டருக்குள் கடுவனையும் நிறுத்தும்.

இன்னொன்று, சமதரை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதைத்தது. 30-06 குண்டு தடையில்லாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். உங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு நிலத்திலும் ஒரு பரண், ஒவ்வொரு பரணிலும் ஓர் ஆள். பன்றியை ஊடுருவிப் போகும் குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் சுடவே கூடாது. பரண்மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். கண்மாய்க்கரையைப் பின்னணியாக வைத்தும் சுடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, உங்கள் ஊரில் மெதுவான .315உம் ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் 30-06ஐவிட ஏற்றவை என்று சொல்வேன். ஆனால் அவற்றாலும் கரையைப் பின்னணியாகக் கொள்ளாமல் சுடக் கூடாது.


சாப்டூர் சம்சாரி எழுதியது:

பெட்டியை நேற்றுக் காலையில் அப்பாவோடு போய் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். பதினேழு தோட்டாக்களையும் மேசைமேல் எண்ணி வைத்தபோது அப்பாவுக்குக் கண் கலங்கியது. ரைஃபிள் மட்டும் வீட்டில் இருக்கிறது.

நேற்றிரவு சாவடியில் நீங்கள் எழுதியவற்றை வாசித்துக் காட்டினேன். பவுன் கணக்கைக் கேட்டதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்றேகால் பவுனை ஒட்டிய இரண்டு குண்டுகளும் தோளைத் தாண்டாமல் நின்றதற்கும், தாத்தாவின் இரண்டு பவுன் குண்டு பன்றியை உட்கார வைத்ததற்கும் காரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மனுவில் "பெரிய துவாரமுள்ள துப்பாக்கி" என்ற வரி இப்போது இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறேன்: "கடுவனின் தோள் கேடயத்தைத் தாண்டி நெஞ்சை எட்டும் கனமான மென்முனைக் குண்டைக் கொண்டு, பயிற்சி பெற்றவர்கள், அறுபது மீட்டருக்குள், பரண்மேலிருந்தோ கண்மாய்க்கரையைப் பின்னணியாகக் கொண்டோ சுட வேண்டும். ரவைத் தோட்டா கூடாது. காயம்பட்டு ஓடிய பன்றியைத் தேடி முடிக்காமல் திரும்பக் கூடாது. தேடுவதற்கு ஊரிலிருந்து ஆட்களை நாங்கள் அனுப்புகிறோம். இறந்த உடலை ஆழமாகப் புதைக்க வேண்டும்."

தேடப் போக இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மனுவில் திருத்தம் ஏதும் இருந்தால் கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள்.